மூடி மேல் கங்கு, அடியில் கங்கு: டச்சு ஓவன் சமையலை எங்கிருந்து தொடங்குவது?

உச்சிப்புளியான்

அபுதாபியில் இருக்கும் மைத்துனர் போன லீவுக்கு வந்தபோது போர்வை, டார்ச், தைலம் எல்லாவற்றோடும் ஒரு இரும்புச் சட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார். டச்சு ஓவனாம். பத்து இஞ்ச், வார்ப்பிரும்பு, கீழே மூன்று குட்டைக் கால், பக்கெட் மாதிரி கம்பிப் பிடி. மூடி தட்டையாக இருக்கிறது, ஓரத்தில் வரப்பு கட்டியது போல ஒரு விளிம்பு. ஆறு கிலோவுக்கு மேல் இருக்கும். மூன்று மாதம் பரணில் கிடந்தது. "இதை வைத்து என்ன செய்ய, நெல் குத்தவா?" என்று வீட்டில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ரோஷம் வந்து அரியமான் பக்கம் தோப்புக்கு எடுத்துப் போனோம். ஒரு கிலோ கோழி, வெங்காயம், மசாலா எல்லாம் போட்டு, கீழே கருவேல விறகை எரியவிட்டு, மூடி மேல் நாலு கொள்ளியை வைத்தேன். நாற்பது நிமிடம் கழித்துத் திறந்தால் அடிக்கறி கரி, மேல்கறி பச்சை, நடுவில் சாம்பல். பசங்க பரோட்டா வாங்கப் போய்விட்டார்கள். இது போதாதென்று அண்ணன் மகன் உதவி செய்கிறேன் என்று சட்டியைக் கடல் தண்ணீரில் மணல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டான். காலையில் பார்த்தால் சட்டி செம்மண் நிறத்தில் இருக்கிறது.

கங்கு எவ்வளவு வைப்பது, துரு எப்படிப் போகும், முதலில் எதைச் சமைப்பது? இணையத்தில் பார்த்தால் எல்லாரும் பிரிக்கெட் கரியை (கரித்தூளை ஒரே அளவாக அழுத்திச் செய்த கட்டி) எண்ணி எண்ணி வைக்கிறார்கள். ராமநாதபுரத்தில் நான் கேட்ட இரண்டு கடையிலும் அப்படி ஒன்று இல்லை என்றார்கள்.

கீழக்கரை_லாத்தா

தம்பி, இதில் புதுசு ஒன்றும் இல்லை. எங்கள் பக்கம் கல்யாண வீட்டில் தம் போடும்போது என்ன செய்கிறார்கள்? அடுப்பில் எரியும் விறகை வெளியே இழுத்துவிட்டு, சட்டி மூடிக்கு மேல் கங்கை அள்ளிப் பரப்புவார்கள். கீழே பேருக்குத்தான் சூடு இருக்கும், மேலே இருந்துதான் சோறு புழுங்கும். உன் சட்டி அதே வேலையைத்தான் செய்கிறது. ஒரே வித்தியாசம், கங்கு சரியாமல் இருக்க மூடிக்கு விளிம்பு வைத்திருக்கிறார்கள், அடியில் கங்கு வைக்க இடம் விட்டுக் கால் வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

நீ செய்த தப்பு ஒன்றுதான், தீயில் சமைத்தாய். தீயில் இல்லை, கங்கில் சமைக்க வேண்டும். சுவாலை ஒரு இடத்தில் நக்கும், இன்னொரு இடத்தை விட்டுவிடும், அது யார் சொல்வதையும் கேட்காது. கங்கு வைத்த இடத்தில் இருக்கும்.

டெக்சாஸ்_தொண்டியான்

லாத்தா சொன்னதுதான் அடிப்படை. நான் இங்கே ஏழெட்டு வருடமாக இந்தச் சட்டியில் சமைக்கிறேன், வாரக் கடைசியில் முகாம் போனால் இது இல்லாமல் போவதில்லை. அவர்கள் எண்ணும் கணக்கைச் சொல்கிறேன். உங்களுக்கு பிரிக்கெட் கிடைக்காவிட்டாலும் கணக்கின் தர்க்கம் தெரிந்தால் நம்ம ஊர்க் கரிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

சட்டி எத்தனை இஞ்சோ அதைப் போல இரண்டு மடங்கு பிரிக்கெட். பத்து இஞ்சுக்கு இருபது. உள்ளே ஏறக்குறைய 175 டிகிரி செல்சியஸ் வரும், அதாவது கேக் சுடும் சூடு. அதைப் பிரிக்கும்போது இஞ்சுக் கணக்கோடு மூன்று கூட்டி மேலே, மூன்று கழித்துக் கீழே. உங்கள் சட்டிக்கு மேலே 13, கீழே 7. பன்னிரண்டு இஞ்சு என்றால் மேலே 15, கீழே 9.

மேலே ஏன் அதிகம் என்றால், சூடு தானாக மேல்நோக்கிப் போகும் பொருள். கீழே வைக்கும் கங்கு முழுவதும் சட்டியின் அடியைத் தாக்குகிறது, அடியிலேயே கறி உட்கார்ந்திருக்கிறது. மேலே வைக்கும் கங்கின் சூட்டில் பாதி வானத்துக்குப் போகிறது, மீதிதான் மூடி வழியாக இறங்கி, உள்ளே காற்று இடைவெளியைத் தாண்டி உணவுக்கு வருகிறது. சரிசமமாக வைத்தாலே அடிப்பிடிக்கும். நீங்கள் கீழே விறகு, மேலே நாலு கொள்ளி வைத்திருக்கிறீர்கள், கோழிக்கு வேறு வழியே இல்லை.

ஆனால் எல்லாவற்றுக்கும் இதே பங்கு இல்லை. ரொட்டி, கேக் சுட்டால் மூன்றில் இரண்டு பங்கு மேலே. குழம்பு கொதிக்க வைத்தால் கீழே அதிகம், மேலே கொஞ்சம். வதக்கவும் பொரிக்கவும் மொத்தமும் கீழே, மூடியே வேண்டாம்.

இன்னொன்று. கீழே கங்கைக் குவியலாக நடுவில் வைக்காதீர்கள். சட்டியின் விளிம்புக்குச் சற்று உள்ளே வட்டமாக அடுக்குங்கள், நடு காலியாக இருக்கட்டும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சட்டியைக் கால் சுற்று ஒரு பக்கம் திருப்புங்கள், மூடியைக் கால் சுற்று எதிர்ப்பக்கம் திருப்புங்கள். மேலும் கீழும் ஒரே இடத்தில் ஒரே கங்கு உட்கார்ந்து சுடாது. இதை மட்டும் செய்தாலே பாதிக் கருகல் போய்விடும்.

மண்சட்டி_போதும்

ஒரு சந்தேகம். டச்சுக்காரன் கண்டுபிடித்ததா இது? அப்படியென்றால் நம் ஊரிலும் டச்சுக்காரன் இருந்தானே, அவன் ஏன் இதை விட்டுப் போகவில்லை?

டெக்சாஸ்_தொண்டியான்

கண்டுபிடித்தது டச்சுக்காரன் இல்லை. ஆபிரகாம் டார்பி என்ற ஆங்கிலேயர் 1704 வாக்கில் ஹாலந்து போய் அங்கே வார்ப்பு வேலையைப் பார்த்துவிட்டு வந்தார். மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கும் முறைக்கு 1707இல் காப்புரிமை எடுத்தார். அதில் இருந்து வந்த பெயர் என்று பொதுவாகச் சொல்வார்கள். காலும் விளிம்பு மூடியும் வைத்த சட்டி அமெரிக்காவில்தான் நிலைத்தது, மாட்டு வண்டி கட்டி மேற்கே போனவர்களுக்கு இதுதான் அடுப்படி. ஆஸ்திரேலியாவில் கேம்ப் ஓவன் என்பார்கள். தென்னாப்பிரிக்காவில் வயிறு பெருத்த ஒரு வகை உண்டு, அதில் கிண்டாமல் மெதுவாகக் கறி வேகவைப்பார்கள்.

கரிமூட்டம்_கமுதி

கரி கிடைக்கவில்லை என்று ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்து ஒருத்தர் எழுதுகிறார், படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அண்ணே, முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி பக்கம் ஒரு நாள் வாங்க. வழியெல்லாம் மூட்டம் புகைகிறது. எங்கள் வீட்டில் அப்பா காலத்தில் இருந்து இதுதான் தொழில். சீமைக்கருவேலை வெட்டி அடுக்கி, வைக்கோலும் இலைதழையும் போட்டு, மேலே மண்ணைப் பூசி, உள்ளே காற்று போகாமல் நாள்கணக்கில் புகையவிட்டு எடுப்போம். காற்று நுழைந்தால் கரி இல்லை, சாம்பல்தான் மிஞ்சும், அதனால் ராத்திரியும் ஒருத்தர் காவல் இருக்க வேண்டும்.

கரி வாங்கும்போது பார்க்க வேண்டியது: இரண்டு துண்டைத் தட்டினால் கணீர் என்று சத்தம் வர வேண்டும். உடைத்தால் உள்ளே பளபளப்பாக இருக்க வேண்டும். மங்கலாக, பழுப்பாக இருந்தால் சரியாக வேகாத கரி, பற்றவைத்தால் புகையும், சுவாலை விடும், கறியில் புகை வாடை ஏறும். தூர்க்கரி கிடைத்தால் விடாதீர்கள். மரத்தின் தூரைத் தோண்டி எடுத்துப் போட்ட கரி, கனமாக இருக்கும், நின்று எரியும். மெல்லிய கிளைக்கரி சீக்கிரம் பொசுங்கிவிடும்.

எங்கள் கரியில் ஒரு குணம் உண்டு, பற்றும்போது படபடவென்று வெடித்துப் பொறி தெறிக்கும். கடலோரத்தில் வைத்த மூட்டை ஈரம் இழுத்திருந்தால் இன்னும் மோசம். முதல் நாள் வெயிலில் காயப்போடுங்கள். பற்றவைத்து முழுதும் கனிந்து மேலே சாம்பல் பூத்த பிறகுதான் சட்டிப் பக்கம் கொண்டுபோக வேண்டும், அதற்குள் வெடிக்க வேண்டியது வெடித்து முடிந்திருக்கும்.

டெக்சாஸ்_தொண்டியான்

கமுதி அண்ணே, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே மெஸ்கீட் கரி என்று ஒரு பை, கடையில் தனி மரியாதையோடு அடுக்கி வைத்திருப்பார்கள், மற்ற கரியைவிட விலை. அது நம்ம சீமைக்கருவேலின் பங்காளி மரம்தான். நம்முடையதே அந்தக் கண்டத்தில் இருந்து வந்ததுதான், 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து விதைத்தார்கள். நம்ம ஊரில் வேரோடு பிடுங்கச் சொல்லி நீதிமன்றம் வரை போகும் மரம், இங்கே ஸ்டேக் கடையில் பெயர்ப்பலகை. முதல் தடவை அந்தப் பையைப் பிரித்தபோது வந்த வாசனையில் எனக்குத் திருவாடானை பஸ் ஸ்டாண்டு ஞாபகம் வந்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். துண்டுக்கரிக்கு எண்ணிக்கைக் கணக்கு ஒத்துவராது. ஒன்று கொய்யாக்காய் அளவு இருக்கும், ஒன்று நெல்லிக்காய் அளவு. பிரிக்கெட்டைவிடச் சூடும் கூட, ஆயுளும் குறைவு. அதற்கு வட்டக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கரியை எலுமிச்சை அளவுக்கு உடைத்துக்கொண்டு, ஒன்றை ஒன்று தொடுகிற மாதிரி வட்டமாக அடுக்கினால் அது ஒரு வட்டம். கீழே எப்போதும் ஒரே வட்டம்தான். மேலே ஒரு வட்டம் வைத்தால் மிதமான சூடு, 150 டிகிரி பக்கம். ஒன்றரை வட்டம் வைத்தால் கேக் சூடு. இரண்டு வட்டம் என்றால் 200ஐத் தொடும், ரொட்டிக்கு ஆகும். உங்கள் கரி தூர்க்கரி என்றால் கீழ் வட்டத்தில் ஒன்று விட்டு ஒன்று எடுத்துவிடுங்கள், முதல் தடவை குறைவாக வைத்துப் பழகுவது நல்லது. சூடு போதவில்லை என்றால் இரண்டு கங்கு சேர்த்துக்கொள்ளலாம், கருகியதை என்ன செய்வது?

பாம்பன்_கச்சான்

எல்லாரும் கரியைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்தக் கடற்கரையில் கரிக்கு மேல் அதிகாரம் காற்றுக்கு. டெக்சாஸில் எண்ணிய கணக்கு பாம்பனில் கச்சான் (மேல்காற்று) அடிக்கும் மாதத்தில் ஒன்றுக்கும் உதவாது. காற்றுப் பக்கத்துக் கங்கு உலையில் ஊதியது போலக் கனன்று இருபது நிமிடத்தில் தீர்ந்துவிடும், மறு பக்கம் சோம்பேறியாக உட்கார்ந்திருக்கும். சட்டியைத் திருப்பச் சொன்னார்களே, எங்கள் ஊரில் அதை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை செய்ய வேண்டும். அதைவிட மறைப்பு கட்டுவது சுலபம். பழைய எண்ணெய் டின்னை வெட்டி விரித்த தகரம், காற்று வரும் பக்கம் அரைவட்டமாக நட்டுவைத்தால் போதும். நாலு பக்கமும் அடைக்காதீர்கள், கங்கு மூச்சுவிட வேண்டும்.

அடுத்தது மணல். கங்கை நேராக மணலில் வைத்தால் பாதி புதைந்து, அடியில் காற்று இல்லாமல் அவிந்துபோகும். ஈர மணல் என்றால் சூட்டையும் உறிஞ்சிவிடும். அடியில் ஒரு இரும்புத் தட்டு போடுங்கள், பழைய தோசைக்கல் இருந்தாலும் சரி. வெள்ளி நிறத் துத்தநாகப் பூச்சு பூசிய கூரைத் தகரம் அடுப்புக்கு அடியில் வேண்டாம், அந்தப் பூச்சு கடும் சூட்டில் புகைந்தால் உடம்புக்கு ஆகாது. கரையில் கிடக்கும் கல்லைப் பொறுக்கி அடுப்புக் கூட்டவும் வேண்டாம், உள்ளே ஈரம் இருந்து சூட்டில் வெடிக்கும். பவளக்கல்லைத் தொடவே கூடாது, எடுத்தாலே வழக்கு. செங்கல் மூன்று வண்டியில் போட்டுக்கொண்டு போங்கள்.

அப்படியே ஒன்று, தீவுக்குப் போய்ச் சமைக்கலாம் என்று யாராவது படகுக்காரரிடம் பேசுவதாக இருந்தால் விட்டுவிடுங்கள். மன்னார் வளைகுடாவில் இருக்கும் 21 தீவும் 1986 முதல் தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் காலே வைக்கக் கூடாது. தனுஷ்கோடியிலும் பொழுது சாய்வதற்குள் கிளப்பிவிடுவார்கள், அங்கே சட்டி சூடேறும் முன் நேரம் முடிந்துவிடும். தோப்புதான் சரி. ஆனால் காய்ந்த பனையோலை கிடக்கும் தோப்பு வேண்டாம், கமுதிக்காரர் சொன்ன பொறி ஒன்று போதும்.

மண்சட்டி_போதும்

எனக்கு இதில் ஒரு வருத்தம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நம் ஆச்சிமார் மண்சட்டியில், ஒரு கை விறகில், இதைவிட ருசியாக ஆக்கிப் போட்டார்கள். ஆறு கிலோ இரும்பை விமானத்தில் ஏற்றி வந்து, வட்டம் அரைவட்டம் என்று கணக்குப் போட்டு, கடைசியில் கோழிக் குழம்பு. மண்சட்டி நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

கீழக்கரை_லாத்தா

மீன் குழம்புக்கு நீங்கள் சொல்வதுதான் சரி. புளி ஊற்றின குழம்பை இந்த இரும்பில் வைத்தால் எண்ணெய் தடவிப் பழக்கின பூச்சையெல்லாம் புளி தின்றுவிடும், குழம்பு கறுத்து இரும்பு ருசி ஏறும். அதற்கு மண்சட்டிதான். தக்காளி அதிகம் போட்ட கறியும் அப்படித்தான்.

ஆனால் மண்சட்டி மூடியில் கங்கை அள்ளி வைத்து ஒரு ரொட்டி சுட்டுக் காட்டுங்கள் பார்ப்போம். விரிசல் விடும். மேலே சூடு வேண்டும் என்கிற வேலைக்கு நம் வீட்டில் என்ன இருந்தது? என் உம்மா பெரிய சட்டியில் மணலைக் கொட்டி, அதற்குள் டப்பாவை வைத்து, மேலே தட்டைக் கவிழ்த்துக் கங்கு போட்டுத்தான் கேக் சுட்டார்கள். ஒரு கேக்குக்கு அரை நாள். இந்தச் சட்டி அப்போது இருந்திருந்தால் உம்மா அதைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியிருப்பார்கள்.

உச்சிப்புளியான்

எல்லாருக்கும் நன்றி. சண்டை போடாதீர்கள், வீட்டில் இரண்டு சட்டியும் இருக்கிறது. துருவுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

டெக்சாஸ்_தொண்டியான்

துரு ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள். தேங்காய் நார் இல்லை என்றால் கம்பி நார் வைத்துச் செம்மை போகும் வரை தேயுங்கள். நல்ல தண்ணீரில் கழுவி, உடனே அடுப்பில் வைத்து ஈரம் முழுதும் போகக் காயவிடுங்கள், துணியில் துடைத்தால் மட்டும் போதாது. சூடாக இருக்கும்போதே கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ சில துளி விட்டு உள்ளே, வெளியே, மூடி, கால் எல்லாம் தேயுங்கள். தேய்த்த பிறகு, தப்பாகத் தேய்த்துவிட்டோம் என்கிற மாதிரி, அத்தனை எண்ணெயையும் காய்ந்த துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். இந்த இடத்தில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். எண்ணெய் கெட்டியாக நின்றால் பிசுபிசுவென்று ஆகும், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக இருந்தால்தான் சூட்டில் இறுகிக் கருப்பு மெழுகு மாதிரி இரும்போடு ஒட்டும். பிறகு சட்டியைக் கவிழ்த்து, சுற்றிலும் மேலும் கங்கு வைத்து, ஒரு மணி நேரம் நல்ல சூட்டில் விடுங்கள். புகைந்து அடங்கும். இதை மூன்று நாலு தடவை செய்தால் துரு இருந்ததே மறந்துபோகும்.

கீழக்கரை_லாத்தா

தோசைக்கல் பழக்குவது மாதிரிதானே? நான் வடிகஞ்சியில் இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டு, தினமும் கஞ்சியை மாற்றித் தேய்த்து, அப்புறம்தான் எண்ணெய் தடவி வெங்காயம் வதக்குவேன். அது இதற்கும் ஆகும்.

டெக்சாஸ்_தொண்டியான்

லாத்தா, புது வார்ப்பில் இருக்கும் கறையையும் மண்ணையும் எடுக்கக் கஞ்சி நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இவர் சட்டி ஏற்கெனவே துருப்பிடித்தது, மறுபடி மூன்று நாள் ஈரத்தில் வைத்தால் எனக்கு மனசு கேட்காது. காயவைத்துச் சுட்டு எடுப்பதுதான் என் கட்சி.

பாம்பன்_கச்சான்

உப்புக்காற்றில் வைக்கும் முறையையும் சொல்லுங்கள், இங்கே சைக்கிள் செயினே ஒரு மாதம் தாங்காது. நான் செய்வது: சமைத்து முடித்து வெந்நீரில் கழுவி, சூடு காட்டி, எண்ணெய்த் துணியால் ஒரு ஓட்டம் துடைத்து, உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கிப் போட்டு, மூடிக்கும் சட்டிக்கும் நடுவில் ஒரு குச்சி வைத்துக் காற்றோட்டமாக விட்டுவிடுவேன். இறுக மூடினால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். சூடான சட்டியில் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள், வார்ப்பிரும்பு கண்ணாடி மாதிரி, விரிசல் விட்டுவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் சட்டி அப்படித்தான் போனது.

உச்சிப்புளியான்

இரண்டாம் தடவை ரிப்போர்ட். கமுதி அண்ணனிடம் கேட்டு சாயல்குடிப் பக்கம் இருந்து ஒரு மூட்டை தூர்க்கரி வந்தது. சட்டியை மூன்று சுற்று சுட்டு எடுத்தேன், இப்போது காக்கா நிறம். தோப்பில் அதே கோழி, அதே மசாலா. ரோஷம் போகவில்லை.

பழைய பதினைந்து கிலோ எண்ணெய் டின்னில் அடியில் ஓட்டை போட்டு, கீழே காகிதம், மேலே கரி என்று பற்றவைத்தேன், இருபது நிமிடத்தில் எல்லாம் கனிந்துவிட்டது. வெங்காயம் வதக்க மொத்தக் கங்கும் கீழே. கோழி போட்ட பிறகு கீழே ஒரு வட்டத்தில் பாதியை எடுத்துவிட்டு, மேலே ஒரு வட்டம். ஐம்பது நிமிடம். கோழி வெந்தது! மேல் துண்டு லேசாகச் சிவந்து, அடி ஒட்டாமல், தண்ணீர் ஒரு சொட்டு ஊற்றாமல் அதன் சாற்றிலேயே வெந்திருந்தது. மூடியின் கனத்தில் ஆவி வெளியே போகவே இல்லை.

ஆனால் இரண்டு தொல்லை. கச்சான் பக்கம் மறைப்பு சரியாக நிற்கவில்லை, அந்தப் பக்கத்துத் துண்டுகள் மட்டும் தீய்ந்தன. மூடியைக் கொறடால் தூக்கும்போது சாய்ந்து ஒரு கை சாம்பல் உள்ளே விழுந்தது. பெரியவன் "அப்பா, இது விபூதிக் கோழி" என்கிறான்.

கரிமூட்டம்_கமுதி

தூக்குவதற்கு முன்னால் தென்னம் ஈர்க்குத் துடைப்பத்தால் மூடி ஓரத்தைத் தட்டிவிட வேண்டும் அண்ணே. கொறடால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் சாயத்தான் செய்யும், நடுப்பிடியில் கொக்கி போட்டு நேரே தூக்க வேண்டும். தூக்கிய மூடியை மணலில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த தடவை மணல் கோழி.

தேவிபட்டினம்_அக்கா

குறுக்கே வருகிறேன், ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. போன வருடம் குடும்பத்தோடு கடற்கரையில் கறி சுட்டோம். முடிந்ததும் கங்கை மணலைப் போட்டு மூடிவிட்டால் அணைந்துவிடும் என்று என் தம்பி மூடிவிட்டான். அரை மணி நேரம் கழித்து என் மகள் வெறுங்காலோடு ஓடிவந்து அதன் மேலேயே மிதித்தாள். பத்து நாள் நடக்கவில்லை. மணல் நெருப்பை அணைக்காது, போர்த்தி வைக்கும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, கையை அருகில் வைத்துச் சூடு இல்லை என்று பார்த்த பிறகு கரியை வீட்டுக்கே அள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள். அவிந்த கரி காய்ந்தால் அடுத்த தடவைக்கு ஆகும்.

பாம்பன்_கச்சான்

அக்கா சொன்னதை இழையின் முதல் பதிவிலேயே போட வேண்டும். இன்னொன்றும் சேர்க்கிறேன், மழை வந்தால் கங்கோடு சட்டியைக் கூடாரத்துக்குள்ளோ வேனுக்குள்ளோ எடுத்துப் போகாதீர்கள். கங்கில் இருந்து வரும் விஷ வாயுவுக்கு (கார்பன் மோனாக்சைடு) வாடை இருக்காது, தூங்கினவர் எழுந்திருக்க மாட்டார்.

தொண்டி_காலேஜ்_பையன்

அண்ணன்களே, எனக்கு வெளிநாட்டு மைத்துனர் இல்லை. ஹாஸ்டல் நண்பர்கள் ஆறு பேர், கையில் காசு குறைவு. வேறு வழி?

டெக்சாஸ்_தொண்டியான்

நம்ம ஊர்த் தம்பியா! வார்ப்பிரும்பு வாணலி ஒன்று, அதன் வாய்க்குச் சரியாக உட்காரும் ஓரம் தூக்கிய வார்ப்பிரும்புக் கல் ஒன்று. கல்லை மூடியாக வைத்து அதன் மேல் கங்கு. காலுக்கு மூன்று செங்கல், இல்லை என்றால் இரும்பு முக்காலி. இரண்டும் சேர்ந்து சட்டியின் விலையில் பாதிகூட ஆகாது, வீட்டில் ஏற்கெனவே இருந்தால் செலவே இல்லை. எனாமல் பூசிய கலர் சட்டி மட்டும் வேண்டாம், அது வீட்டு அடுப்புக்கு, கங்கில் பூச்சு விட்டுப்போகும். அலுமினியச் சட்டியும் உண்டு, கடற்கரைக்குத் துருப்பிடிக்காது, தூக்க லேசு. ஆனால் சீக்கிரம் சூடாகி சீக்கிரம் ஆறிவிடும். ஊதி ஊதிக் கனியவைத்தால் உருகியே போகும், அலுமினியம் 660 டிகிரியில் இளகிவிடும்.

உச்சிப்புளியான்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஆட்கள் எல்லாரும் வருகிறார்கள். கோழி போதும், வேறு சொல்லுங்கள்.

பாம்பன்_கச்சான்

விளமீன் இல்லை என்றால் பாறை, சட்டிக்குள் அடங்குகிற அளவில் முழு மீன். கீறிவிட்டு முண்டு மிளகாய் அரைத்த விழுது, மஞ்சள், உப்பு, கொஞ்சம் தேங்காய் எண்ணெய். முண்டு கண்டிப்பாக நம்ம ஊர் முண்டு, 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது, காரம் குறைவு, நிறமும் மணமும் வேறு. சட்டி அடியில் சின்ன வெங்காயத்தை மெத்தை போலப் பரப்பி மேலே மீன். வெங்காயம் இருந்தால் மீன் அடியில் ஒட்டாது. கீழே ஒரு வட்டம், மேலே ஒன்றரை. இருபது இருபத்தைந்து நிமிடம், திறந்து திறந்து பார்க்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் சூடு பறந்துவிடும். புளி வேண்டாம், இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள்.

ஏப்ரல் 15இல் இருந்து ஜூன் 14 வரை விசைப்படகு போகாது, அந்த 61 நாளில் மீன் விலை கேட்டால் கோழியே பரவாயில்லை என்று தோன்றும். அப்போது நாட்டுப்படகு மீன்தான், கரையிலேயே நின்று வாங்குங்கள்.

கீழக்கரை_லாத்தா

பத்து இஞ்சுச் சட்டிக்கு அரைக் கிலோ சீரகச் சம்பா, அரைக் கிலோ ஆட்டுக்கறி, அதற்கு மேல் ஆசைப்படாதே. கறி முழுசாக வெந்து மசாலா சுண்டும் வரை கங்கெல்லாம் கீழே. அரிசியைத் தனியே முக்கால் வேக்காட்டில் வடித்து மேலே பரப்பு. பிறகு கீழே நாலைந்து கங்கை மட்டும் விட்டுவிட்டு மீதியைத் தூக்கி மூடி மேல் போடு. இருபது நிமிடம். அதன் பிறகு எல்லாக் கங்கையும் தள்ளிவிட்டுப் பத்து நிமிடம் தொடாதே, இரும்பு தன் சூட்டிலேயே தம்மை முடித்துவிடும். தயிர், தக்காளி கொஞ்சம் என்பதால் பழகின சட்டிக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் சாப்பிட்டு முடித்து மிச்சத்தை ராத்திரி முழுக்க அதிலேயே வைக்காதே, வேறு பாத்திரத்துக்கு மாற்று.

உச்சிப்புளியான்

போன ஞாயிறு முடிந்தது. லாத்தா சொன்ன பிரியாணியும், மீனும். பிரியாணி முதலில், மூடியைத் திறந்ததும் வந்த ஆவியில் என் மாமியார் "யார் பண்டாரி (சமையற்காரர்)?" என்று கேட்டார். அடியில் ஒரு விரல் அளவு காந்தல், அதற்குத்தான் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள், அது தப்பா சரியா என்று தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை. மீன் பாம்பன் அண்ணன் சொன்ன மாதிரியே, ஆனால் பொறுக்க முடியாமல் இரண்டு தடவை திறந்துவிட்டேன், முதுகுப் பக்கம் எலும்போடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் வேகாமல் இருந்தது. மறுபடி மூடி எட்டு நிமிடம்.

சாம்பல் இந்தத் தடவை விழவில்லை, துடைப்பம் வேலை செய்தது. சட்டி இப்போது பரணில் இல்லை, அடுப்படி மேடையிலேயே இருக்கிறது, வீட்டில் அதில் ஆப்பம் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள், எனக்குத் தெரியாமல்.

இன்னும் கொறடுதான் வைத்திருக்கிறேன். ராமநாதபுரத்தில் மூடிக்கொக்கி அடித்துத் தரும் பட்டறை யாருக்காவது தெரியுமா?

கரிமூட்டம்_கமுதி

பட்டறை எதற்கு அண்ணே, முக்கால் முழம் தடித்த கம்பி இருந்தால் நானே வளைத்துவிடுவேன். சனிக்கிழமை உச்சிப்புளி வழியாக வண்டி வருகிறது, இரண்டு கொக்கி கொடுத்துவிடுகிறேன். போன மூட்டைக்கு நூறு ரூபாய் பாக்கி இருக்கிறது, அதையும் டிரைவரிடம் கொடுத்துவிடுங்கள்.